சும்மா இருக்கையில்

மதுக்கூர் பக்கம் ஒரு கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுதுகிறேன்.
ஈரப்பதம் பார்க்கும் கருவி மேசையில்.
மச்சான் சார்ஜாவிலிருந்து கொண்டுவந்த கடிகாரம்
மணிக்கட்டில்.
இரண்டும் எண்ணைச் சொல்லும்,
ஏன் என்று சொல்லாது.

தை நாலாம் தேதி வரை
சும்மா இருக்கையில் அறுபத்தாறு.
ஏழாம் தேதி எண்பத்தொன்று.
பொங்கல் கரும்புச் சக்கை காய்வதற்குள்
தொண்ணூற்று மூன்று,
நாற்காலியில் சாய்ந்து
லாரிக்குக் காத்திருக்கும்போதே.

கடிகாரத்தைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.
பட்டையை இறுக்கினேன், தளர்த்தினேன்,
கை மாற்றிக் கட்டினேன்.
"மிஷினு பொய் சொல்லுது சார்" என்று
தினம் பத்துப் பேர் என்னிடம் சொல்வார்கள்,
நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்து,
"சத்தம் கேக்குதா, நீங்களும் கடிச்சுப் பாருங்க."
நான் கடித்ததில்லை.
இப்போது கழுத்தில் விரல் வைத்து
சுவர்க் கடிகாரம் பார்த்து எண்ணினேன்.
தொண்ணூற்றிரண்டு.
மிஷின் பொய் சொல்லவில்லை.

டீ என்றான் மூட்டை தூக்கும் சங்கிலி.
நாளைக்கு ஏழை ஒன்றாக்கினேன்,
தலைவலிதான் மிச்சம்.
தண்ணி குடிக்கிறதில்லை என்றாள் அஞ்சுகம்,
செம்பு செம்பாகக் குடித்து
சாக்கடைப் பக்கமே நின்றேன்.
சுணைக்கு இழுக்கிற இன்ஹேலர் சிலருக்குப் படபடக்கும்
என்றார் மருந்துக்கடைக்காரர்.
அது உண்மைதான், ஆனால் நான்
அதைத் தொட்டு ஒரு மாதம் ஆகிறது.
காய்ச்சலும் இல்லை.
பசி மட்டும் இரண்டு ஆள் பசி.
தின்றும் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை.
பனியில் எல்லாரும் மப்ளர் சுற்றியிருக்க
எனக்குச் சட்டை நனைந்தது.
பேனா பிடித்த விரல் நடுங்கியது.

பட்டுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில்
டாக்டர் ஹபீபா சீட்டைப் பார்த்துச் சிரித்தார்:
"நாடிமுத்து. பேருலயே நோய வச்சிருக்கீங்க."
நாடியம்மனுக்கு நேர்ந்து வைத்த பேர் என்றேன்.
இமையைக் கீழிழுத்து ரத்தம் இருக்கா என்று பார்த்தார்.
தூக்கம், வயிற்றுப்போக்கு, புது மாத்திரை
எல்லாம் கேட்டார்.
"மனசுல கவலை ஏதாவது?"
இல்லை என்றேன்.
அவர் எழுதிக்கொண்டார்: இல்லை.

ஏழாம் தேதி காலை
உத்திராபதியின் நெல் பத்தொன்பது புள்ளி நாலு.
பதினேழுக்கு மேல் எடுக்கக்கூடாது,
காயவைத்துக் கொண்டாங்க என்றேன்.
அன்றைக்கு மதியம் வேறொருவரின் பதினெட்டரையைப்
பதினேழு என்று எழுதினேன்.
என் சட்டைப்பையைக் கேட்டால் அது சொல்லும்.
ராத்திரி,
தையில் பெய்யக்கூடாத மழை.
தார்ப்பாயை எங்கே தூக்கினாலும் தண்ணீர்.
மூன்றாம் நாள் உத்திராபதி வந்தார்,
சத்தம் போடவில்லை,
ஒரு பிடியை என் பட்டியல் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார்.
ஒவ்வொரு நெல்லிலும் வெள்ளையாக
நகக்கண் அளவு வேர்.

அதுதான் காரணம் என்று
எனக்குத் தெரிந்தே இருந்தது.
படுத்தால் காதுக்குள் அடித்தது அதுதான்.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது,
இந்த வேலையில் இத்தனை வருஷம் கழித்தும்
உள்ளே ஒன்று துடிக்கிறதே என்று.

ரத்தப் பரிசோதனை வந்தது.
"தைராய்டு" என்றார் டாக்டர்,
"கழுத்துல ஒரு சுரப்பி. ஓவர்டைம் பாக்குது."
நடுக்கம், வேர்வை, இடுப்பு, பசி
எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.
இரண்டு மாத்திரை எழுதினார்,
ஒன்று துடிப்பை உடனே அடக்க,
மற்றது மெதுவாகக் கேட்கும்.

பத்தே நாளில் எழுபத்தைந்து.
இன்று காலை அறுபத்தொன்பது.
புது ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி
இரண்டு முறை பார்த்துவிட்டேன்.
தூக்கம் வருகிறது. நன்றாக வருகிறது.

உத்திராபதி அந்த நெல்லைக்
கோழித் தீவனத்துக்குக் கொடுத்தாராம்,
சங்கிலி சொன்னான், மூட்டையை இறக்கிக்கொண்டே.
கேட்டபோது
கையைப் பார்த்தேன்.

அறுபத்தொன்பது.